உரிமம், கையொப்பம், இழப்பீடு: மருத்துவத் தொழில்நுட்பமும் நோயாளியின் உரிமையும்

பிரேக் எண்ணெயிலும் பிசின் தயாரிப்பிலும் பயன்படும் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் தொழிற்சாலை வேதிப்பொருள், இந்திய மருந்துப் புட்டிகளுக்குள் அரை நூற்றாண்டாகத் திரும்பத் திரும்ப நுழைந்துகொண்டிருக்கிறது. 1972-இல் சென்னையில் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அதனால் இறந்தார்கள். 1986-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 நோயாளிகள் இறந்தபோது நீதிபதி லெண்டின் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. 1998-இல் குருகிராமில் 33 குழந்தைகள் மாண்டார்கள். 2020 வாக்கில் ஜம்முவின் ராம்நகரிலும் குழந்தைகள் பலியானார்கள். 2022-இல் ஹரியாணாவில் தயாரான இருமல் மருந்துகள் காம்பியா நாட்டில் ஏறத்தாழ 70 குழந்தைகளின் சாவோடு தொடர்புபடுத்தப்பட்டன. 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தபோது, அவர்கள் குடித்த இருமல் மருந்து காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரானது என்று தெரியவந்தது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனையில் 48.6 விழுக்காடு நச்சு இருந்தது. அனுமதிக்கப்படும் அளவு 0.1 விழுக்காடு.

வழி எப்போதும் ஒன்றுதான். சிரப் தயாரிக்கத் தேவைப்படும் கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்காலும் மருந்துத் தரத்தில் விலை கூடுதல். மலிவான சரக்கு, பார்வைக்கு வேறுபாடு தெரியாத திரவமாக, இடைத்தரகர் வழியே ஆலைக்கு வருகிறது. வந்த சரக்கை ஆலை சோதிப்பதில்லை. சோதித்ததா என்று ஆய்வாளர் பார்ப்பதில்லை. இத்தனைக்கும் இந்தத் துறையில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. மருந்துச் சட்டம் 1940-இலேயே வந்துவிட்டது. அரசமைப்பு வாழ்வுரிமையைத் தருகிறது. உச்ச நீதிமன்றம் அதில் நலவாழ்வையும் சேர்த்திருக்கிறது. அப்படியிருந்தும் ஏன் இப்படி என்பதுதான் இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

மருந்து, மூட்டுக் கருவி, உறுப்பு மாற்று, கருத்தரிப்புச் சிகிச்சை, மருத்துவத் தரவு என்று துறைதுறையாகப் பார்த்தால் ஒரே சாய்வு தென்படுகிறது. இந்தியச் சட்டம் தயாரிப்பாளரிடம் உரிமத்தைக் கேட்கிறது. நோயாளியிடம் கையொப்பத்தைக் கேட்கிறது. தீங்கு நேர்ந்த பிறகு அந்த நோயாளி எந்தக் கதவைத் தட்டுவது என்ற இடத்துக்கு வரும்போது அதன் குரல் தாழ்ந்துவிடுகிறது.

நீதிமன்றம் எழுதிய உரிமை

அரசமைப்பின் அடிப்படை உரிமைகள் பகுதியில் நலவாழ்வு தனி உரிமையாக இடம்பெறவில்லை. பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவது அரசின் கடமை என்று 47-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அது வழிகாட்டு நெறி மட்டுமே. அதை வைத்து வழக்குத் தொடுக்க இயலாது. 1966-இல் உருவான பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை, எட்டக்கூடிய மிக உயர்ந்த உடல், மன நலத்துக்கான உரிமையை 12-ஆம் பிரிவில் ஏற்கிறது. இந்தியா 1979-இல் அதில் இணைந்தது. அந்த வாக்குறுதியை உள்நாட்டில் முழுமையான உரிமைச் சட்டமாக நாடாளுமன்றம் இன்றுவரை மாற்றவில்லை.

வெற்றிடத்தை நிரப்பியவை தீர்ப்புகள். 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில், விபத்தில் அடிபட்டவருக்குக் காவல்துறை நடைமுறைக்குக் காத்திராமல் சிகிச்சை தருவது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்றது உச்ச நீதிமன்றம். 1995-இல் கல்நார் ஆலைத் தொழிலாளர் வழக்கில், தொழிலாளியின் நலவாழ்வு 21-ஆம் பிரிவின் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்றது. அடுத்த ஆண்டு வந்த மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்க வழக்கு இன்னும் அழுத்தமானது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவரை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கை இல்லை, கருவி இல்லை என்று திருப்பி அனுப்பின. கடைசியில் அவர் தனியார் மருத்துவமனையில் காசு கட்டிப் பிழைத்தார். நிதி இல்லை என்பது அரசுக்குச் சாக்காக முடியாது என்று சொல்லி, அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு வழங்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

இந்தத் தீர்ப்புகள் உரிமையை அறிவித்தன. அன்றாடம் அதைப் பெறும் வழியைத் தீர்ப்புகளால் அமைத்துத் தர முடியாது. 1995-இல் வந்த வி.பி. சாந்தா தீர்ப்பு ஒரு வழியைத் திறந்தது: மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்றது. ஆனால் அதில் ஒரு விலக்கும் இருந்தது. எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை அச்சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. கட்டணம் கட்டியவர் நுகர்வோர் நீதிமன்றம் போகலாம். கட்டணம் கட்ட முடியாததாலேயே அரசு மருத்துவமனைக்குப் போனவர் உரிமையியல் வழக்கையோ உயர் நீதிமன்ற ரிட் மனுவையோ நாட வேண்டும். எளிய கதவு வசதியுள்ளவருக்கும் கடினமான கதவு ஏழைக்குமாக அமைந்துவிட்டது.

உரிமம் தருபவர் யார், பொறுப்பேற்பவர் யார்

பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. மருந்து பொதுப் பட்டியலில். புதிய மருந்துக்கு ஒப்புதல் தருவது மத்திய மருந்துத் தரக்கட்டுப்பாட்டு அமைப்பு. ஆலைக்கு உற்பத்தி உரிமம் தருவதும் அதை ஆய்வு செய்வதும் பெரும்பாலும் மாநிலத் துறை. ஒரு மாநிலத்தில் தயாராகும் மருந்து இன்னொரு மாநிலத்துக் குழந்தையைக் கொல்லும்போது இந்தப் பிரிவினை பழியைத் தள்ளிவிடும் வசதியாக மாறுகிறது. சிந்த்வாரா சாவுகளுக்குப் பிறகு மத்திய அரசும் தமிழ்நாடு அரசும் நடத்திய அறிக்கைப் போர் இதைக் காட்டியது. உரிமம் ரத்தானது, உரிமையாளர் கைதானார், ஆய்வாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். சாவுக்குப் பின் நடந்த ஆய்வில் நூற்றுக்கணக்கான குறைகள் பட்டியலிடப்பட்டன. அத்தனை குறைகளோடு அந்த ஆலை ஆண்டுக்கணக்கில் உரிமத்துடன் ஓடியிருக்கிறது.

காம்பியா அதிர்ச்சிக்குப் பின் மத்திய அரசு உற்பத்தித் தர நெறிகளைக் கடுமையாக்கி, மருந்து விதிகளின் ‘எம்’ அட்டவணையைத் திருத்தி வெளியிட்டது. பெரிய நிறுவனங்களுக்கு ஆறு மாதக் கெடு. சிறு, நடுத்தர ஆலைகளுக்கு 2025 டிசம்பர் இறுதிவரை நீட்டிப்பு. சிந்த்வாராக் குழந்தைகள் அந்த நீட்டிப்புக் காலத்தில் இறந்தவர்கள். சிறு ஆலைகள் மூடினால் வேலை போகும், மலிவு மருந்து குறையும் என்ற வாதத்தைப் புறக்கணிக்க முடியாதுதான். ஆனால் கெடு நீட்டிப்பின் விலையைக் குடித்தவர் தலையில் வைக்கும் ஏற்பாட்டுக்கு அந்த வாதம் நியாயம் சேர்க்காது.

தண்டனை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கலப்பட மருந்தால் சாவு நேர்ந்தால் குறைந்தது 10 ஆண்டுச் சிறை, வாழ்நாள் வரை நீளலாம். விதிக்கப்படும் அபராதம் பாதிக்கப்பட்டவருக்கே போகவேண்டும் என்கிறது 2008-இல் வந்த திருத்தம். இந்தத் துறையில் பாதிக்கப்பட்டவரை நினைவில் வைத்த அரிய விதி இது. ஆயினும் குற்றம் நிரூபணமாகி, அபராதம் வசூலான பிறகே அது கைக்கு வரும். இன்னொரு பக்கம், 2023-இல் வந்த ஜன் விஸ்வாஸ் சட்டம் மருந்துச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின் ஓர் உட்பிரிவை, அதாவது தரக்குறைவான மருந்து தொடர்பான குற்றத்தை, பணம் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ளும் குற்றங்களில் சேர்த்தது. தொழில் நடத்துவதை எளிதாக்குவது அதன் நோக்கம். நச்சுக் கலப்படத்துக்கும் தரக்குறைவுக்கும் இடையே எல்லைக்கோடு மெல்லியது என்பதை இருமல் மருந்து வரலாற்றிலிருந்து அறிந்தவர்கள் அந்த எளிமையைக் கண்டு நிம்மதியடைய முடியாது.

மருத்துவச் சாதனங்களின் கதை இன்னும் தாமதமானது. ஊசியும் குழாயும் போலச் சில பொருள்களே நீண்ட காலம் மருந்து என்ற பெயரில் கட்டுப்பாட்டில் இருந்தன. ஸ்டென்ட், செயற்கை மூட்டு போன்றவை 2005-இல்தான் சேர்ந்தன. சாதனங்களுக்கெனத் தனி விதிகள் 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. ஆபத்தின் அளவுப்படி ஏ, பி, சி, டி என்று நான்கு வகை. காயத்துக்குக் கட்டும் துணி ஏ வகை, இதய வால்வு டி வகை. 2020 ஏப்ரலிலிருந்து எல்லாச் சாதனங்களும் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டன. மென்பொருளும் அதில் அடக்கம். ஆபத்து மிகுந்த சி, டி வகைகளுக்கு உரிமம் கட்டாயமானது 2023 அக்டோபரில்.

இடுப்பு மூட்டு விவகாரம் நடந்தபோது சாதனங்களுக்கெனத் தனி விதிகள் இல்லை. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் டெப்யூ நிறுவனம் தயாரித்த ஏ.எஸ்.ஆர். என்ற செயற்கை இடுப்பு மூட்டில் உலோகத்தோடு உலோகம் உரசியது. கோபால்ட், குரோமியம் துகள்கள் ரத்தத்தில் கலந்தன. உலகெங்கும் ஏறத்தாழ 93,000 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு. ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு மூட்டு மாற்றையும் பதிவு செய்யும் தேசியப் பதிவேடு இருந்ததால் கோளாறு அங்கே சீக்கிரம் வெளிப்பட்டது. 2009-இல் அந்நாட்டுச் சந்தையிலிருந்து அது விலக்கப்பட்டது. 2010 ஆகஸ்டில் உலகளாவிய திரும்பப்பெறல். அமெரிக்காவில் 2013-இல் ஏறத்தாழ 250 கோடி டாலருக்கு உடன்பாடு.

இந்தியாவில் மத்திய அரசு நிபுணர் குழு அமைத்தது 2017-இல். 3,600-க்கும் மேற்பட்ட நோயாளிகள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்றது அக்குழு. உடலுக்குள் ஒரு கருவியைச் சுமப்பவருக்கு அது திரும்பப் பெறப்பட்ட செய்தியே எட்டவில்லை. 2018-இல் வகுக்கப்பட்ட சூத்திரப்படி 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு நிர்ணயமானது. நிறுவனம் அதை டெல்லி உயர் நீதிமன்றத்தில் எதிர்த்தது. எதிர்க்க வலுவான புள்ளி இருந்தது: சந்தைக்கு வந்துவிட்ட சாதனத்தால் நேரும் தீங்குக்கு இழப்பீடு தரச் சொல்லும் விதி மருந்துச் சட்டத்தில் இல்லை. இன்றும் சாதன விதிகள் ஆய்வுக் கட்டத்தில் நேரும் தீங்குக்கே இழப்பீட்டை வரையறுக்கின்றன. ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி அடையாள எண் தரும் விதி 2022 ஜனவரியில் தொடங்கியிருக்க வேண்டும், அதுவும் தள்ளிவைக்கப்பட்டது.

கையொப்பத்தின் விலை

உடல் மீதான உரிமைக்குச் சட்டம் கண்டுபிடித்த காவல் சம்மதம். நாஜி மருத்துவர்கள் மீதான விசாரணையின் முடிவில் 1947-இல் எழுதப்பட்ட நூரம்பெர்க் நெறி தானாக முன்வந்து தரும் சம்மதத்தை முதல் விதியாக வைத்தது. 1964-இல் ஹெல்சின்கி பிரகடனம் அதை மருத்துவ ஆய்வுகளுக்கு விரிவாக்கியது. அந்தச் சம்மதம் வறுமையின் முன் என்னவாகிறது என்பதற்குத் தமிழ்நாட்டைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சென்னை வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்று பெயர் வந்தது. 1994-இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்து, உறுப்பு விற்பனையைக் குற்றமாக்கி, மூளைச்சாவைச் சட்டப்படி ஏற்றது. ஏழாண்டுக்குப் பின் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்து ஓர் ஆய்வு நடந்தது. 2002-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. 96 விழுக்காட்டினர் கடனை அடைக்க விற்றிருந்தார்கள். சராசரியாகக் கிடைத்தது 1,070 டாலர், பேசப்பட்டதைவிடக் குறைவு. விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 விழுக்காட்டினர் உடல்நலம் கெட்டதாகச் சொன்னார்கள். கடனுக்காக விற்றவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் அப்போதும் கடனில்தான் இருந்தார்கள். விற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

சட்டத்தில் இருந்த வாசல் ‘அன்பும் பிணைப்பும்’ என்ற காரணம். நெருங்கிய உறவினரல்லாதவரும் அன்பின் பேரில் தானம் செய்யலாம். அங்கீகாரக் குழு விசாரித்து அனுமதிக்கும். புரோக்கர் சொல்லிக்கொடுத்த கதையும் போலி ஆவணமும் அந்தக் குழுவின் முன் வந்து நின்றன. 2011 திருத்தம் தண்டனையை 5 முதல் 10 ஆண்டுச் சிறையாகவும், அபராதத்தை 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரையாகவும் உயர்த்தியது. 2025-இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் பகுதியில் கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் விற்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. முப்பதாண்டுச் சட்டத்துக்குப் பிறகும் கந்துவட்டியின் கை நீளமாகவே இருக்கிறது. இதில் சட்டம் தானே போட்டுக்கொண்ட முடிச்சு ஒன்றும் உண்டு: பணம் கொடுத்தவர் போலவே பெற்றவரும் குற்றவாளி. ஏமாற்றப்பட்ட தொழிலாளி புகார் கொடுத்தால் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்பவர் ஆகிறார். புரோக்கருக்கு இதைவிட நல்ல காவல் வேண்டியதில்லை.

நேர்மாறான அனுபவமும் இதே மாநிலத்தில்தான் கிடைத்தது. 2008-இல் விபத்தில் மூளைச்சாவடைந்த மகனின் உறுப்புகளை ஒரு மருத்துவத் தம்பதி கொடையளித்தது பெரும் அலையை எழுப்பியது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு இறந்தவர் உறுப்புக் கொடைத் திட்டத்தைத் தொடங்கி, யாருக்கு எந்த உறுப்பு என்பதைப் பொதுக் காத்திருப்புப் பட்டியல்படி பங்கிட்டது. பின்னர் அதற்கெனத் தனி ஆணையத்தையும் அமைத்தது. 2023-இல் கொடையாளரின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை அறிவிக்கப்பட்டது. கள்ளச்சந்தையின் இடத்தைச் சுருக்கியதில் தண்டனைப் பிரிவுகளைவிட இந்தப் பொது ஏற்பாட்டுக்குப் பங்கு அதிகம் என்பது என் மதிப்பீடு.

கருத்தரிப்புத் தொழில்நுட்பத்திலும் இதே சிக்கல். உதவிக் கருத்தரிப்புச் சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 23 முதல் 35 வயதுக்குள் இருக்கும் பெண் வாழ்நாளில் ஒரே ஒரு முறை கருமுட்டை தரலாம். ஏழுக்கு மேல் எடுக்கக்கூடாது. அவ்வாண்டே ஈரோட்டில், போலி ஆதாரைக் காட்டி 16 வயதுச் சிறுமியிடம் பலமுறை கருமுட்டை எடுக்கப்பட்டது வெளியானது. அட்டையில் வயது சரியாக இருந்தது, படிவம் நிரம்பியிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்க்க எவருக்கும் சட்டம் தனிக் கடமை விதிக்கவில்லை.

மருத்துவ ஆய்வுகளில் மட்டும் இந்தியச் சட்டம் பாடம் கற்றதாகச் சொல்லலாம். 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம், குஜராத்தின் வதோதரா பகுதிகளில் பல்லாயிரம் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஒரு திட்ட ஆய்வாகப் போடப்பட்டது. ஏழு சிறுமிகளின் சாவுக்குத் தடுப்பூசி காரணமல்ல என்றே விசாரணைகள் சொல்லின. ஆனால் விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் பெற்றோருக்குப் பதில் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டது உறுதியானது. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகச் சாடியது. நல்ல தடுப்பூசி ஒன்றின் மீது அவநம்பிக்கை படிந்தது. கெட்ட சம்மதத்தின் விலையை அறிவியலும் கொடுத்தது. அதே ஆண்டுகளில் ஸ்வாஸ்தய அதிகார் மஞ்ச் என்ற அமைப்பு தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட, எளிதில் பாதிக்கப்படக்கூடியோரிடம் பெறும் சம்மதத்தைக் காணொளியாகப் பதிவுசெய்யும் விதி வந்தது. 2019-இன் புதிய மருந்து, மருத்துவ ஆய்வு விதிகள் இழப்பீட்டுக்கு வயதையும் நோயின் கடுமையையும் கணக்கில் கொள்ளும் சூத்திரத்தைத் தந்தன. அதன் அடித்தொகை 8 லட்சம் ரூபாய். யார், எவ்வளவு, எதன் அடிப்படையில் தரவேண்டும் என்ற மூன்றும் எழுத்தில் இருக்கும் ஒரே பகுதி இது. இது முடியும் என்றால் மற்றவற்றிலும் முடியும்.

மனநலச் சட்டமும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பிக்க முடியாமல் கருகினார்கள். 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்கிறது; மயக்க மருந்தின்றி மின்னதிர்ச்சி கொடுப்பதையும் தடைசெய்கிறது. எப்படிச் சிகிச்சை வேண்டும், எப்படி வேண்டாம் என்று நோயாளி முன்கூட்டியே எழுதிவைக்கலாம். சிகிச்சை பெறுவதைச் சட்ட உரிமையாக 18-ஆம் பிரிவில் சொல்கிறது. உடல்நோய்க்கு இல்லாத தெளிவு மனநோய்க்குக் கிடைத்திருக்கிறது.

விலையும் உரிமையே

கிடைக்கும் தொழில்நுட்பத்தை வாங்க முடியாதபோது உரிமை ஏட்டில் நிற்கும். இங்கே இந்தியச் சட்டம் உலகுக்கே எடுத்துக்காட்டான சிலவற்றைச் செய்திருக்கிறது. ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. மாதத்துக்கு ஏறத்தாழ 1.2 லட்சம் ரூபாய் ஆகும் அம்மருந்தின் ஜெனரிக் வடிவம் 8,000 ரூபாய் அளவில் கிடைத்துக்கொண்டிருந்தது. பழைய பொருளின் புது வடிவம் குணமளிக்கும் ஆற்றலைக் கூட்டினாலன்றிக் காப்புரிமை இல்லை என்னும் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவின்கீழ் 2006-இல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அப்பிரிவே அரசமைப்புக்கு முரண் என்ற வாதத்தை 2007-இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் நிராகரிப்பை உறுதிசெய்தது.

2012 மார்ச்சில் சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்க்கான நெக்ஸவார் மருந்துக்கு நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் கிடைத்தது. மாதச் செலவு 2,80,428 ரூபாயிலிருந்து 8,880 ரூபாயாக இறங்கியது. இந்தியா இவ்வாறு வழங்கிய கட்டாய உரிமம் அது ஒன்றே. 2023 மார்ச்சில் காசநோய் மருந்தான பெடாக்குவிலினின் காலத்தை நீட்டிக்கும் இரண்டாவது காப்புரிமை நிராகரிக்கப்பட்டது. அதை எதிர்த்தவர்கள் காசநோயிலிருந்து மீண்ட இரு பெண்கள். ஒருவர் இந்தியர், மற்றவர் தென்னாப்பிரிக்கர். பழைய நச்சு மருந்துகளால் கேட்கும் திறனை இழந்தவர்கள். காப்புரிமை தரப்படும் முன் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம் என்ற 25-ஆம் பிரிவு அவர்களுக்கு அந்த இடத்தைக் கொடுத்தது.

கவனிக்க வேண்டியது இதுதான். நோயாளிக்குச் சட்டத்தில் நிற்க ஓர் இடம் கிடைத்த துறையில் மருந்து விலை இறங்கியது. அந்த இடமும் இப்போது சுருங்குகிறது. 2024-இல் திருத்தப்பட்ட காப்புரிமை விதிகள் இந்த எதிர்ப்புக்குக் கட்டணம் விதித்து, ஏற்கத்தக்கதா என்பதை முதலில் கட்டுப்பாட்டாளர் முடிவு செய்யட்டும் என்கின்றன. வீண் எதிர்ப்புகள் காலத்தை இழுக்கின்றன என்ற தொழில்துறையின் குறையில் உண்மை இருக்கலாம். ஆனால் அப்படிச் சலித்தெடுக்கும்போது முதலில் வெளியே விழுபவர்கள் வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத நோயாளிகள்.

ஸ்டென்ட் விலையும் ஒரு தனி வழக்கறிஞரின் பொதுநல வழக்கால்தான் இறங்கியது. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை ஆணையம் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் உச்சவரம்பு வைத்தது. அதுவரை லட்சத்துக்கு மேல் வாங்கப்பட்டு வந்தது. சில நிறுவனங்கள் தங்கள் உயர்ரக வகைகளைத் திரும்பப் பெற அனுமதி கோரின. விலைக் கட்டுப்பாடு புதுமையைத் தடுக்குமா என்ற விவாதம் முடியவில்லை. ஆனால் நெஞ்சு வலியோடு படுத்திருப்பவர் பேரம் பேச முடியாது என்பதில் விவாதமில்லை.

எங்கே அரசு கட்டாயப்படுத்தலாம்

நலவாழ்வுக்காக அரசு தனிமனித உரிமையைக் கட்டுப்படுத்தும் இடங்களும் உண்டு. ஜேக்கப் புலியேல் வழக்கில் 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், உடல் மீதான தன்னாட்சி வாழ்வுரிமையின் பகுதி, எவரையும் வற்புறுத்தித் தடுப்பூசி போட முடியாது என்றது. பொதுநலத்துக்காக அளவான கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம், தடுப்பூசியின் பக்கவிளைவுத் தகவல்களை மக்களுக்கு வெளியிட வேண்டும் என்றும் சேர்த்தது.

ஸ்கேன் கருவிக்கு வந்த சட்டம் இதைவிடக் கடினமான கணக்கு. கருவின் பாலினம் அறிவதைத் தடைசெய்யும் சட்டம் 1996-இல் நடைமுறைக்கு வந்து 2003-இல் கடுமையானது. ஒவ்வொரு கருவியையும் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் எஃப் படிவம் நிரப்ப வேண்டும். சேலம், தருமபுரி வட்டாரங்களில் பெண்சிசுக் கொலையை எதிர்த்து 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் கண்ட மாநிலத்தில் இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. 2001-க்கும் 2011-க்கும் இடையே நாட்டின் குழந்தைப் பாலின விகிதம் 927-இலிருந்து 919-ஆக இறங்கியபோது தமிழ்நாட்டில் அது 942-இலிருந்து 943-ஆகச் சற்றே உயர்ந்தது. படிவப் பிழைக்கே கருவிக்குச் சீல் என்ற மருத்துவர்களின் குறையும், கையடக்க ஸ்கேன் கருவி அவசரச் சிகிச்சைக்குத் தாராளமாகப் பயன்படவில்லை என்ற குறையும் நியாயமானவை. இங்கும் படிவம் நிரம்புவது எளிது. நோக்கம் நிறைவேறுவது வேறு வேலை.

தரவுக்கு நேர்ந்தது

2017-இல் புட்டசாமி வழக்கு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக்கியது. 2018-இல் மருத்துவத் தரவுக்கெனத் தனிச் சட்டத்தின் வரைவு வந்து, அப்படியே கைவிடப்பட்டது. 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் ஒவ்வொருவருக்கும் 14 இலக்க நலவாழ்வு எண்ணை வழங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு நவம்பரில் டெல்லி எய்ம்ஸின் கணினிகள் இணையத் தாக்குதலில் முடங்கி, நாள்கணக்கில் சீட்டுகளைக் கையால் எழுதினார்கள்.

2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மருத்துவத் தரவைத் தனி வகையாகப் பிரிக்கவில்லை. கவனக்குறைவுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு; அது இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். தரவு கசிந்ததால் இழப்புக்குள்ளானவர் இழப்பீடு கேட்க வழிசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை இப்புதுச் சட்டம் நீக்குகிறது. எச்.ஐ.வி. முடிவோ மனநலச் சிகிச்சைக் குறிப்போ வெளியாகி வேலையும் திருமணமும் போனவருக்கு, குற்றம் செய்த நிறுவனம் அரசுக்குப் பணம் கட்டியது என்ற செய்தி மட்டுமே மிஞ்சும். இக்கட்டுரையின் வாதம் முழுவதும் இந்த ஒரு பிரிவில் சுருங்கிக் கிடக்கிறது.

செய்யக்கூடியவை

புதிதாகக் கண்டுபிடிக்க அதிகம் இல்லை. ஜப்பான் 1980 முதல் மருந்தின் பக்கவிளைவால் பாதிக்கப்பட்டோருக்கு நிவாரண நிதி நடத்துகிறது. பணம் தயாரிப்பாளர்கள் செலுத்தும் பங்கு. யார் தவறு என்று நிரூபிக்கும் வரை நோயாளி காத்திருக்க வேண்டியதில்லை. நியூசிலாந்து 1974 முதல் தவறு பார்க்காத இழப்பீட்டைச் சட்டமாக வைத்திருக்கிறது. சுவீடன் 1979-இலேயே இடுப்பு மூட்டுப் பதிவேட்டைத் தொடங்கியது. இந்தியா மருந்து விற்பனையின் சிறு விழுக்காட்டைத் தனி நிதியாக ஒதுக்கினால் சிந்த்வாரா போன்ற இடங்களில் குடும்பங்கள் டயாலிசிஸ் செலவுக்குச் சொத்தை விற்க நேராது.

தமிழ்நாடு டெல்லிக்குக் காத்திராமல் செய்யக்கூடியவையும் உண்டு. 1939-இலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. 1995 முதல் மருந்துக் கொள்முதலைத் தரப் பரிசோதனையோடு நடத்தும் மருத்துவப் பணிகள் கழகம் இங்கே இருக்கிறது. அரசு மருத்துவமனை மருந்துக்குச் செய்யும் தொகுதிவாரிப் பரிசோதனையைத் தனியார் கடைக்குப் போகும் குழந்தை மருந்துகளுக்கும் விரிக்கலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பணம் கொடுக்கும் ஒவ்வொரு மூட்டுக்கும் ஸ்டென்டுக்கும் பதிவேடு வைத்து, நோயாளி கையில் ஓர் அட்டை கொடுக்கலாம். ஆலை ஆய்வு அறிக்கைகளைப் பொதுவெளியில் வைக்கலாம். 2023-இல் ராஜஸ்தான் நலவாழ்வு உரிமைச் சட்டம் இயற்றியபோது தனியார் மருத்துவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவசரச் சிகிச்சையின் செலவை யார் ஈடு செய்வார் என்பதே அவர்களின் கேள்வி. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை 2021 முதல் அரசே ஏற்கும் தமிழ்நாடு அந்தக் கேள்விக்கு ஏற்கெனவே பாதி விடை வைத்திருக்கிறது.

உறுப்புச் சட்டத்தில், புரோக்கரைக் காட்டிக்கொடுக்கும் ஏழைக்குத் தண்டனையிலிருந்து விலக்குத் தரவேண்டும். நுகர்வோர் சட்டத்தின் விலக்கால் வெளியே நிற்கும் அரசு மருத்துவமனை நோயாளிக்கு மாவட்ட அளவில் குறைதீர் ஆணையம் வேண்டும். தரவுச் சட்டத்தில் இழப்பீட்டுப் பிரிவு திரும்ப வேண்டும். வழக்குகள் பெருகும், மருத்துவர்கள் தற்காப்புக்காகத் தேவையற்ற சோதனைகளை எழுதுவார்கள் என்ற எதிர்வாதம் எழும். தவறை நிரூபிக்கத் தேவையில்லாத நிவாரண நிதி அந்த அச்சத்துக்கும் மருந்து. அது மருத்துவரைக் கூண்டில் ஏற்றாமலே நோயாளிக்குக் கை கொடுக்கிறது.

அடுத்த மருந்தோ, மூட்டோ, நோயைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலியோ ஒப்புதலுக்கு வரும்போது, தரமானதா, படிவம் நிரம்பியதா என்ற இரு கேள்விகளோடு அரசு நிறுத்திக்கொள்ளக் கூடாது. இதனால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் அவரைத் தேடிச் சொல்பவர் யார், எத்தனை நாளுக்குள், எந்தப் பணத்திலிருந்து ஈடு கிடைக்கும் என்ற மூன்றாவது கேள்விக்கும் விடை எழுதிய பிறகே முத்திரை விழவேண்டும். வாழ்வுரிமை என்று நீதிமன்றம் எழுதியதைச் சட்டமன்றம் நிறைவேற்றும் வழி அதுவே.